விசைப்பலகையைத் தொடாமல் உதவுவோம்

(மேல்நிலை வகுப்புக் கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், பாலாற்றங்கரைப் பள்ளிகள் என்ற முறையில் நாம் ஒரே குடும்பம்தான். நம் பிள்ளைகளின் வீடுகளும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. அப்பா தோல் ஷாப்பில், அம்மா ஷூ கம்பெனியில். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அதே கம்பெனிப் பேருந்தில் ஏறியிருப்பார்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, வலை நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்கும் மாணவர்களுக்கு உதவுவது எப்படி என்பது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினிப் பயன்பாடுகள் பாடத்தை எடுத்த மாணவர், 11-ஆம் வகுப்பில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறார். 12-ஆம் வகுப்பில் பி.எச்.பி., மை எஸ்.க்யூ.எல். இரண்டையும் படித்து, கடைசியில் ஒன்றோடொன்று இணைக்கிறார். 2018-இலும் 2019-இலும் வந்த புதிய பாடநூல்கள் கொண்டுவந்த மாற்றம் இது. பல கல்லூரிகளில் பட்டப்படிப்பில் சொல்லித் தரும் பகுதியை நம் பிள்ளைகள் பதினேழு வயதில் தொடுகிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான். கூடவே ஒரு பொறுப்பும் வருகிறது.

அது என்ன பொறுப்பு? ஒரு கணக்குப் போடுவோம். ஆய்வகப் பாடவேளை நாற்பது நிமிடம். மாணவர் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் நம்மால் என்ன செய்ய முடியும்? "மிஸ், வரலை" என்று கை தூக்கும் மாணவியிடம் போகிறோம். திரையைப் பார்க்கிறோம். நமக்குப் பழக்கமான பிழை என்பதால் உடனே தெரிந்துவிடுகிறது. விசைப்பலகையை நம் பக்கம் இழுத்து ஓர் அரைப்புள்ளியைச் சேர்க்கிறோம். வந்துவிட்டது. "தேங்க்யூ மிஸ்." அடுத்த மேசைக்குப் போகிறோம். அடுத்த வாரம் அதே மாணவி அதே பிழைக்குக் கை தூக்குகிறார். நாம் அந்தப் பக்கம் போவதற்குள் மணி அடித்துவிட்டால், அன்று அவருக்கு எதுவும் நடக்கவில்லை. இப்படி நான்கைந்து வாரம் போனதும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: "எனக்குக் கம்ப்யூட்டர் வராது." பிறகு நிரல்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து, செய்முறைத் தேர்வில் அப்படியே தட்டச்சு செய்து தேர்ச்சியும் பெற்றுவிடுவார். ஆனால் அந்த "எனக்கு வராது" அவரோடு வெளியே போகிறது.

ஷூ கம்பெனி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் பகுதியின் அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் ஒரு பெண் அந்தப் பேருந்தில் ஏறினால், அது அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு அரைப்புள்ளியைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தராததால் ஏறியதாக இருக்கக்கூடாது. ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிழையை நாம் திருத்தித் தருவது உதவி ஆகாது. பிழையைப் படிக்கவும், உதவியை முறையாகக் கேட்கவும் சொல்லித் தருவதே உதவி.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

என் அனுபவத்தில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எண்ணற்றவை அல்ல. ஏழெட்டுதான். திரும்பத் திரும்ப அவையே வருகின்றன.

முதலாவது, கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறப்பது. 11-ஆம் வகுப்பில் எச்.டி.எம்.எல். கோப்பை அப்படித்தான் திறந்தார்கள், வேலை செய்தது. 12-ஆம் வகுப்பில் பி.எச்.பி. கோப்பையும் அப்படியே திறக்கிறார்கள். எழுதிய நிரல் அப்படியே தெரிகிறது, அல்லது வெற்றுப் பக்கம் வருகிறது. ஏன் என்று புரிய வைக்க நம் ஊரில் பிரியாணிக் கடையை விட நல்ல உதாரணம் கிடையாது. உலாவி என்பது மேசையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர். சேவையகம் என்பது சமையற்கட்டு. பி.எச்.பி. என்பது மாஸ்டர். மை எஸ்.க்யூ.எல். என்பது அரிசியும் கறியும் இருக்கும் சரக்கறை. வாடிக்கையாளர் கேட்டால் மாஸ்டர் சரக்கறையிலிருந்து எடுத்து, சமைத்து, தட்டில் அனுப்புகிறார். மேசைக்கு வருவது எச்.டி.எம்.எல். மட்டும்தான். கோப்பை நேராகத் திறப்பது, சமையற்கட்டுக்கே அனுப்பாமல் அரிசி மூட்டையை மேசைமேல் வைப்பது போன்றது. சாம்ப் மென்பொருளில் எச்.டி.டாக்ஸ் கோப்புறைக்குள் கோப்பை வைத்து, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஏன் தட்டச்சு செய்கிறோம் என்பது அப்போது விளங்கிவிடும். நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் தானாக ஒட்டிக்கொள்ளும் டெக்ஸ்ட் என்ற வால் இதன் உடன்பிறப்பு. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அரைப்புள்ளி. 7-ஆவது வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனால், பிழை 8-ஆவது வரியில் என்று பி.எச்.பி. சொல்கிறது. மாணவர் 8-ஆவது வரியையே பத்து முறை பார்க்கிறார். அதில் தவறே இல்லை. "கம்ப்யூட்டர் தப்பா சொல்லுது மிஸ்" என்கிறார். இந்த இடத்தில் ஷூ கம்பெனியைத் துணைக்கு அழைக்கிறேன். செக்கிங் மேசையில் ஒரு அப்பரைத் தள்ளி வைக்கிறார்கள். தவறு அந்த மேசையிலா நடந்தது? அதற்கு முன்னால் தையலிலோ கட்டிங்கிலோ நடந்தது. கண்ணில் பட்ட இடம்தான் செக்கிங் மேசை. கணினி சொல்லும் வரி எண்ணும் அதற்குக் கண்ணில் பட்ட இடம். அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். அம்மா கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயர்ப் பொருத்தம். படிவத்தில் உள்ளீட்டுப் பெட்டிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, பி.எச்.பி.யில் வேறு பெயரில் அதைத் தேடுவது. மாறியின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதை மறப்பது. பி.எச்.பி.யில் செயற்கூறின் பெயருக்கு இந்த வேறுபாடு கிடையாது, மாறிக்கு உண்டு. குழப்பத்துக்கு அது ஒரு காரணம். 'அன்டிஃபைன்டு' என்ற சொல் திரையில் வந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வருகைப் பதிவேட்டிலும் எமிஸ் தளத்திலும் ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு விதமாக இருந்தால் நாம் படும் பாடு நமக்குத் தெரியுமே! அதையே மாணவர்களிடம் சொல்லலாம்.

நான்காவது, தரவுத்தள இணைப்பு. பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர் மூன்றில் ஒன்று தவறாக இருக்கும். அல்லது தரவுத்தளச் சேவையகத்தை இயக்கியே இருக்கமாட்டார்கள். 'ஆக்சஸ் டினைடு' என்றால் கதவு இருக்கிறது, சாவி தவறு. 'அன்நோன் டேட்டாபேஸ்' என்றால் உள்ளே போயாகிவிட்டது, கேட்ட அறை அங்கே இல்லை. இந்த வேறுபாட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். இணைப்பு சரியாக இருந்து வினவல் தவறாக இருந்தால், பி.எச்.பி.யின் பழைய பதிப்புகள் அமைதியாக இருந்துவிடும். மை எஸ்.க்யூ.எல்.ஐ எரர் என்ற செயற்கூறை அழைத்து நாம் கேட்டால்தான் காரணத்தைச் சொல்லும். 8.1 பதிப்பிலிருந்து தானாகவே சொல்லிவிடுகிறது. உங்கள் ஆய்வகத்தில் எந்தப் பதிப்பு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது பிழைக்குச் செய்தியே வராது. அதனால் அதுதான் ஆபத்தானது. அப்டேட் கட்டளையில் வேர் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால், ஒரு மாணவரின் மதிப்பெண்ணைத் திருத்தப் போய் நாற்பது பேர் மதிப்பெண்ணும் ஒன்றாகிவிடும். கணினி என்ன சொல்லும்? சரி, நாற்பது பதிவுகள் மாற்றப்பட்டன என்று மகிழ்ச்சியாகச் சொல்லும். டெலீட் கட்டளையில் விட்டால் அட்டவணையே காலி. ஆகவே ஒரு பழக்கத்தை உண்டாக்குங்கள். மாற்றும் முன், நீக்கும் முன், அதே நிபந்தனையோடு செலக்ட் கட்டளையை ஒரு முறை இயக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை பதிவுகள் வருகின்றன என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வைக்க வேண்டும்.

ஆறாவது, நம் தாய்மொழி சார்ந்தது. மாணவர் ஆசையாகத் தன் பெயரைத் தமிழில் உள்ளிடுகிறார். திரும்பிப் பார்த்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். "தமிழ் கம்ப்யூட்டர்ல வராது மிஸ்" என்று முடிவு கட்டிவிடுகிறார். வரும். மை எஸ்.க்யூ.எல்.லின் 8.0 பதிப்புக்கு முன்பு வரை, அதன் இயல்பான எழுத்துத் தொகுப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அட்டவணையை உருவாக்கும்போதும் இணைக்கும்போதும் யு.டி.எஃப்.8 எம்.பி.4 என்று குறிப்பிட்டுவிட்டால் தமிழ் அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

இதையொட்டி ஒரு சின்னச் சோதனையை வகுப்பில் செய்து பாருங்கள். 'ஆம்பூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நான்கு என்று எல்லோரும் சொல்வார்கள். பி.எச்.பி.யின் ஸ்டிரிலென் செயற்கூறிடம் கேட்டால் 21 என்று சொல்லும். எம்.பி. ஸ்டிரிலென்னிடம் கேட்டால் 7 என்று சொல்லும். மூன்றுமே சரி! ஒருங்குறியில் புள்ளியும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். ஆ, ம, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஏழு. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. ஏழு மூன்று இருபத்தொன்று. தமிழாசிரியரையும் அன்று ஆய்வகத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள். மெய்யும் உயிர்மெய்யும் பற்றி அவர் பேச, பைட்டுகளைப் பற்றி நாம் பேசலாம்.

பிழைச் செய்தியின் மொழி

அடுத்து, பலர் தயங்கும் ஒரு விஷயம். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறையப் பேர். சிவப்பாக நான்கு வரி ஆங்கிலம் வந்ததும் படிக்காமலேயே கை தூக்கிவிடுகிறார்கள். இது அறிவுக் குறைவல்ல, பயம்தான்.

அந்தப் பயத்தைப் போக்க அவர்களுக்கு நான் சொல்லும் உண்மைக் கதை ஒன்று உண்டு. பி.எச்.பி.யை 1994-இல் தொடங்கியவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். இணையத்தில் வைத்திருந்த தன் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகச் சின்னச் சின்ன நிரல்களை எழுதி வைத்தார். 1995-இல் பொதுவில் வெளியிட்டார். 1997-இல் இஸ்ரேலில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், ஆண்டி குட்மான்ஸும் ஜீவ் சுராஸ்கியும், தங்கள் வேலைக்கு அது போதவில்லை என்று அதன் அடிப்படையையே திருத்தி எழுதினார்கள். அப்படி வந்ததுதான் 1998-இல் வெளியான மூன்றாம் பதிப்பு. இரட்டை முக்காற்புள்ளிக் குறிக்கு உள்ளே ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. ஹீப்ருவிலேயே 'பாமாயிம் நெகுதோதாயிம்' என்று வைத்துவிட்டார்கள். இரண்டு முறை முக்காற்புள்ளி என்று பொருள். அந்தக் குறி தவறான இடத்தில் வந்தால் இந்தச் சொல்லோடுதான் பல ஆண்டுகள் பிழைச் செய்தி வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நிரலாளர்களும் அதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். ஆக, பிழைச் செய்தி எல்லோருக்கும் ஒரு நாள் அந்நிய மொழிதான். கற்றுக்கொண்டவர்கள் படிக்கிறார்கள்.

கற்க வேண்டியதும் அதிகமில்லை. அன்எக்ஸ்பெக்டெட், எக்ஸ்பெக்டிங், அன்டிஃபைன்டு, அன்நோன், டினைடு, டூப்ளிகேட், ஃபெயில்டு, நியர் என்று ஏறத்தாழ பதினைந்து சொற்கள். இவற்றை ஒரு பெரிய தாளில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருளும், என்ன பார்க்க வேண்டும் என்பதும் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டுங்கள். எதிர்பாராதது வந்துவிட்டது: முந்தைய வரியைப் பார். அறிமுகமாகாத பெயர்: எழுத்தை ஒப்பிடு. அனுமதி மறுக்கப்பட்டது: கடவுச்சொல்லைப் பார். உருது தெரிந்த மாணவியை மூன்றாவது பத்தியில் உருதுவிலும் எழுதச் சொல்லலாம். மாணவர்களே தயாரித்தால் அந்தத் தாளை நாம் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை இருக்காது. அவர்களே போய்ப் பார்ப்பார்கள்.

'நியர்' என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பு. வினவலில் பிழை இருந்தால், 'மரியாடிபி பதிப்புக்கான கையேட்டைப் பார்' என்று ஒரு நீளமான வாக்கியம் வரும். "நாம படிக்கிறது மை எஸ்.க்யூ.எல்., இது என்ன மரியா? வேற ஏதோ போட்டுட்டாங்க மிஸ்" என்று பிள்ளைகள் பதறுவார்கள். மை எஸ்.க்யூ.எல்.லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அதற்குத் தன் மூத்த மகள் மையின் பெயரை வைத்தார். அந்த மென்பொருள் கைமாறத் தொடங்கியதும் 2009-இல் அதிலிருந்து கிளை பிரித்து, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபியைத் தொடங்கினார். சாம்ப் மென்பொருளில் இப்போது இருப்பது தங்கைதான். நம் பாடத்தில் வரும் கட்டளைகள் இருவருக்கும் பொருந்தும். அந்த நீளமான வாக்கியத்தில் நாம் படிக்க வேண்டியது 'நியர்' என்பதற்கு அடுத்து மேற்கோளுக்குள் வரும் துண்டு மட்டும். பிழை அதற்குச் சற்று முன்னால் இருக்கும்.

உதவி கேட்க நான்கு வரி

இப்போது முறைக்கு வருகிறேன். ஆய்வகத்தில் உதவி கேட்கும் எவரும் முதலில் நான்கு வரி எழுத வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஒன்று, என்ன செய்ய நினைத்தேன். இரண்டு, எந்த வரியை எழுதினேன். முழு நிரலும் வேண்டாம், சந்தேகப்படும் பகுதி மட்டும். மூன்று, என்ன நடந்தது. பிழைச் செய்தி இருந்தால் எழுத்து மாறாமல், வரி எண்ணோடு. நான்கு, இதுவரை என்னென்ன செய்து பார்த்தேன்.

எழுதும்போதே மூன்றில் ஒரு பங்குப் பேருக்குப் பிழை தானாகப் பிடிபட்டுவிடும் என்று நான் புள்ளிவிவரம் சொல்லப் போவதில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே "கண்டுபிடிச்சுட்டேன் மிஸ்" என்ற குரல் கேட்காத பாடவேளை எனக்கு அபூர்வம். "வரலை" என்ற ஒரு சொல், நான்கு வரியாக விரியும்போது கேள்வியாகிவிடுகிறது. நாளை அந்தப் பிள்ளை கல்லூரியிலோ வேலையிலோ முன்பின் தெரியாத ஒருவரிடம் உதவி கேட்க நேர்ந்தாலும் இந்த நான்கு வரிதான் துணை நிற்கும்.

உதவுபவருக்கும் ஒரு விதி உண்டு. அவர் கை விசைப்பலகையைத் தொடக்கூடாது. ஆசிரியருக்கும் இது பொருந்தும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். "இந்த வரி என்ன செய்யுது, சொல்லும்மா?" "இந்த மாறிக்கு மதிப்பு எங்கே கொடுத்தே?" "கணினி எந்த வரின்னு சொல்லுது?" நேரம் கூடுதலாகத்தான் ஆகும். முதல் மாதம் பாடம் பின்தங்குவது போலத் தோன்றும். ஆனால் ஒரே பிழைக்கு இருபது மேசைக்கு நடப்பது குறைந்துவிடும். அங்கே நேரம் திரும்பக் கிடைக்கும்.

கணினி போதாத பள்ளிகளில் இருவருக்கு ஒரு கணினி கொடுக்கிறோம். அதைக் குறையாகவே பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். அந்த மாற்றத்தை மட்டும் நாம் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேகமான பிள்ளையே வருடம் முழுவதும் தட்டச்சு செய்வார்.

ஆளுக்கொரு பிழைப் பதிவேடும் வைத்துக்கொள்ளட்டும். சாதாரண நோட்டுதான். தேதி, பிழைச் செய்தி, காரணம், தீர்வு. தேர்வுக்கு முன் புரட்ட இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. மதிப்பெண் போடும்போது சரியாக ஓடிய நிரலுக்கு மட்டும் போடாமல், நன்றாக எழுதிய பிழைப் பதிவுக்கும் அக மதிப்பீட்டில் இடம் கொடுங்கள். பிழையை மறைக்கும் பழக்கம் போய்விடும்.

வீட்டிலிருந்தே ஒரு தரவுத்தளம்

தரவுத்தளப் பாடத்துக்கு எடுத்துக்காட்டை எங்கோ தேட வேண்டாம். அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையே உறவுகளாகவும் தரவுகளை வைக்கும் கருத்தை எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு முன்பிருந்தே தோல் ஷாப்பின் லாட் நோட்டில் அந்தச் சிக்கல் இருந்திருக்கும். ஒரு லாட்டுக்கு ஒரு எண். என்ன தோல், எத்தனை உருப்படி, எந்தத் தேதியில் ஊறப்போட்டது, எந்தத் தேதியில் சுண்ணாம்பில் இறங்கியது. லாட் எண் என்பது முதன்மைத் திறவுகோல். ஒரே எண்ணை இரண்டு லாட்டுக்குக் கொடுத்தால் அங்கே சண்டை வரும், இங்கே 'டூப்ளிகேட் என்ட்ரி' என்று வரும்.

என் வகுப்பில் ஒரு மாணவி, அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஷூ கம்பெனி வேலையை அட்டவணையாகப் போட்டு வந்தார். ஒரு ஆர்டர். அதற்குள் பல அளவுகள். ஒவ்வொரு அளவும் கட்டிங், தையல், செக்கிங் என்று பல மேசைகளைக் கடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டிருந்தார். ஆர்டர் கொடுத்தவரின் பெயர் முப்பது முறை வந்தது. "அவங்க பேர்ல ஒரு எழுத்து தப்பாயிருந்தா என்ன பண்ணுவே?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் இரண்டு அட்டவணையாகப் பிரித்து, நடுவில் ஆர்டர் எண்ணைப் போட்டு இணைத்துக்கொண்டு வந்தார். ஒன்றுக்குப் பல என்ற உறவைப் பாடநூலில் படிக்கும் முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் அம்மாவும் மகளும் முதன்முறையாகக் கம்பெனி வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதாகவும் சொன்னார். இயற்றியவர் அவர், தகவல் அம்மாவுடையது. அந்த அட்டவணை அவருக்கு மறக்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பயிற்சிக்காக எமிஸ் விவரங்களையோ, ஆதார் எண்ணையோ, பெற்றோரின் கைப்பேசி எண்ணையோ பயன்படுத்த வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. கற்பனைப் பெயர்களே போதும். கம்பெனியின் பெயரும் ஆர்டர் விவரமும் அப்படித்தான்.

இன்னொன்று, படிவத்தில் வந்ததை அப்படியே வினவலோடு ஒட்டும் பழக்கம். தொடக்கத்தில் எளிமைக்காக அப்படித்தான் காட்டுகிறோம். ஆனால் பெயர் எழுதச் சொன்ன இடத்தில் ஒருவர் எஸ்.க்யூ.எல். கட்டளையின் துண்டை எழுதினால், அதுவும் சேர்ந்து இயங்கிவிடும். காசோலையில் தொகைக்கு முன்னால் இடம் விட்டு எழுதுவது போன்ற ஆபத்து இது. முன்தயாரித்த கூற்று என்ற முறை இதற்கு உண்டு. கட்டளையை முதலில் கொடுத்துவிட்டு, மதிப்புகளை வந்து உட்காரக் கேள்விக்குறிகளை வைத்து, அவற்றைத் தனியாக அனுப்புவது. தேர்வுக்கு வராவிட்டாலும் ஒரு பாடவேளை இதற்குக் கொடுங்கள். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் பாஸ்வேர்டு ஹேஷ் செயற்கூறால் மாற்றிச் சேமிப்பதையும் அதே நாளில் காட்டிவிடலாம்.

வெளியே கிடைக்கும் உதவி

ஆசிரியர் இல்லாத நேரத்தில் பிள்ளை எங்கே போவார்? நகல் கடையில் கிடைக்கும் பழைய நிரல் தொகுப்புகளில், நடுவில் 'ஐ' இல்லாத பழைய மை எஸ்.க்யூ.எல். செயற்கூறுகள் இருக்கும். அவை 2015-இல் வந்த பி.எச்.பி. 7 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. எழுத்து மாறாமல் தட்டச்சு செய்தாலும் ஓடாது. எந்தப் பதிலையும் பார்க்கும்போது அது எந்த ஆண்டுக்கானது என்று பார்க்கப் பழக்குங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் முழு நிரலையும் நொடியில் கொடுத்துவிடும். தடை போட்டுப் பயனில்லை, அண்ணன் கைப்பேசியில் அது இருக்கிறது. நான் வைத்திருக்கும் நிபந்தனை, எங்கிருந்து வந்த நிரலானாலும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். நான் ஏதாவது ஒரு வரியை நீக்கிவிடுவேன், என்ன ஆகும் என்று இயக்கும் முன்பே சொல்ல வேண்டும். "இந்தப் பிழைச் செய்திக்குப் பொருள் என்ன, தமிழில் விளக்கு" என்று அதனிடம் கேட்பது நல்ல பயன்பாடு. "எழுதிக் கொடு" என்பது விசைப்பலகையை இன்னொருவரிடம் தள்ளிவிடுவது.

தமிழிலேயே நல்ல உதவியும் இருக்கிறது. 2012 முதல் இயங்கிவரும் கணியம், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மை எஸ்.க்யூ.எல்.' உள்ளிட்ட நூல்களை மின்னூலாக இலவசமாகவே தருகிறது. நம் பள்ளிகளில் படித்தவர்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்ட நடை. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் கட்டணமின்றிச் சொல்லித் தருகிறார்கள். காஞ்சிபுரம் நமக்கு அடுத்த வீடு. நம் பாலாற்றங்கரையிலும் அப்படி ஒரு குழு உருவாக முடியும். நம்மிடம் படித்துக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை மாதம் ஒரு சனிக்கிழமை தலைமையாசிரியர் அனுமதியோடு அழைத்து வந்தால் அதுவே தொடக்கம். அவர்களிடமும் முதலில் சொல்லுங்கள், விசைப்பலகையைத் தொடக்கூடாது என்று.

நிறைவாக, இந்தப் பயிற்சியிலிருந்து திரும்பியதும் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்தில் பிழைச்சொல் தாளை மாணவர்களைக் கொண்டு தயாரித்துச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாம் வாரத்தில் நான்கு வரிக் கேள்வியைத் தொடங்குங்கள். காலாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொருவரிடமும் பத்துப் பதிவாவது உள்ள பிழைப் பதிவேடு இருக்கட்டும். அடுத்த பயிற்சியில் சந்திக்கும்போது உங்கள் மாணவர்களின் பதிவேடுகளில் இரண்டைக் கொண்டு வாருங்கள். நானும் கொண்டு வருகிறேன். எந்தப் பள்ளியில் எந்தப் பிழை அதிகம் என்று வைத்துப் பார்த்தால், அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகளே நமக்குச் சொல்லியிருப்பார்கள்.